ஊழியப் பயணங்களில் இடையூறு நேர்ந்தபோது கர்த்தரை நம்பிய விதம்: அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரங்கள். ஊழியப் பயணங்களில் சந்தித்த தடைகளைப் பற்றி எழுதும்படி கேட்கப்பட்டிருப்பதால், என் விசுவாசத்துக்குப் பெரிய பாடமாக அமைந்த ஒரு பயணத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சபையின் அழைப்பின்பேரில், சிறுவர் ஊழியத்துக்கும் மருத்துவ முகாமுக்குமாக எங்கள் குழு கடல் கடந்து சென்றது. வானிலை மோசமாக இருந்ததால் முதல் விமானம் தாமதமானது. இணைப்பு விமானம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரவு முழுவதையும் விமான நிலைய நாற்காலிகளில் கழித்துவிட்டு மறுநாள் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் பெட்டிகளில் பாதி வந்திருக்கவில்லை. சிறுவர் ஊழியத்துக்காக மாதக்கணக்கில் வரைந்து தயாரித்த படங்களும், குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன.

எங்கள் குழுத் தலைவர் எல்லோரையும் ஓரமாக அழைத்து மிகச் சுருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு உடைமைகள் பிரிவுக்குச் சென்று, வராத ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் புகார் பதிவு செய்யத் தொடங்கினார். பெட்டியின் நிறம், உடைந்திருந்த சக்கரம், கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் நாடா என்று ஒன்றுவிடாமல் சொல்லி எழுதவைத்து, புகார் எண் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. களைத்துப்போயிருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, கர்த்தர் பார்த்துக்கொள்வாரே, நாம் போகலாமே" என்றார். "தம்பி, கர்த்தர்தான் பார்த்துக்கொள்கிறார். இப்படிக் கேட்டு வாங்க ஒரு வழி இருப்பதும் அவருடைய தயவுதான்" என்று தலைவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

புதிதாகப் புறப்படும் குழுக்களுக்காக ஒரு செய்தியை இவ்விடத்தில் சேர்த்துவிடுகிறேன். 1999ஆம் ஆண்டின் மொன்றியால் உடன்படிக்கைக்கு உட்பட்ட சர்வதேசப் பயணங்களில், பெட்டி சேதமடைந்திருந்தால் அதைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவர் சீட்டின் நகலையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அந்த அம்மாவின் சீட்டு கைப்பையில் இருந்ததால், எங்களை வரவேற்க வந்திருந்த சபையார் அன்று மாலைக்குள் அதே மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

படங்கள் இல்லாமல் சிறுவர் ஊழியத்தை எப்படி நடத்துவது என்று கலங்கினோம். கடைசியில் அந்தச் சபையின் பிள்ளைகளையே எழுப்பி நிறுத்தி, யோனாவின் சரித்திரத்தை நடித்துக் காட்டச் சொன்னோம். கப்பற்காரர்களாக நின்றவர்கள் பலமாக அசைந்தாடி அலறிக்கொண்டிருக்க, யோனாவாக வந்த சிறுவன் அவர்களுடைய கால்களுக்கு நடுவே நீட்டிப் படுத்து, யார் உலுக்கியும் எழுந்திருக்க மறுத்துவிட்டான். இதற்காகத்தான் கர்த்தர் பெட்டிகளைத் தாமதப்படுத்தினார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாத காரியம். பெட்டிகள் வராத இடத்திலும் அவர் எங்களோடு இருந்தார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை அந்தப் பயணத்துக்குப் பிறகு வேறு கண்களோடு வாசிக்கிறேன். கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்ற வாக்கைப் பவுல் தேவதூதன் மூலமாகப் பெற்றிருந்தார். ஆயினும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, தேவன் காப்பார் என்று அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். பதினான்கு நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதிருந்தவர்களைப் போஜனம்பண்ணும்படி வற்புறுத்தி, தாமே முதலில் அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாகத் தேவனை ஸ்தோத்திரித்துப் புசித்தார். வாக்குத்தத்தத்தை முழுமையாக நம்பிய மனிதரே அந்தக் கப்பலில் எல்லோரையும்விட விழிப்பாகவும் இருந்தார் என்பது என்னை மிகவும் தொட்டது.

இரண்டாவது பகிர்வு: செவிலியராக ஊழியம் செய்யும் சகோதரி

மேலே சகோதரர் எழுதியதில், காரணம் எனக்குத் தெரியாது என்ற வார்த்தைகளுக்காக நன்றி சொல்கிறேன். எங்கள் பயணத்தில் நடந்தது பெட்டி தொலைந்ததைப்போல எளிதாகக் கடந்துபோகக்கூடியது அல்ல.

முகாம் முடிந்து திரும்பும் வழியில், மழையில் நனைந்திருந்த மலைப்பாதையில் எங்கள் வேன் சறுக்கி ஓரத்துச் சுவரில் மோதியது. என்னோடு ஊழியத்துக்கு வந்த சகோதரியின் முன்கை எலும்பு முறிந்தது. முகாமில் மீதியிருந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதை அவர் கைக்குக் கீழே வைத்து, துப்பட்டாவால் அசையாதபடி கட்டி, விரல் நுனிகள் வெளுத்துவிடவில்லையே என்று கைவிளக்கு வெளிச்சத்தில் அடிக்கடி பார்த்துக்கொண்டே மருத்துவமனை வரைக்கும் சென்றோம். வழியெல்லாம் அவர் மிக மெல்லிய குரலில் சங்கீதம் 121ஐச் சொல்லிக்கொண்டு வந்தார். வலி தாங்காமல் பாதியில் நின்றுவிடும்போது, அடுத்த வசனத்தை நான் எடுத்துச் சொல்வேன்.

திரும்பி வந்த பிறகு பலர் அவரைப் பார்க்க வந்தார்கள். கர்த்தர் இதில் ஏதோ பாடம் வைத்திருக்கிறார் என்றும், இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து விலக்கிக் காத்தார் என்றும் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தைகள் அவருக்குப் பாரமாகவே இருந்தன என்பதை அருகிலிருந்த நான் அறிவேன். அவருக்கு ஆறுதலாக இருந்தவர்கள், வந்து உட்கார்ந்து, ஜெபித்து, வீட்டு வேலைகளில் கைகொடுத்துவிட்டுப் போனவர்களே.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், தாம் மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும் ஓர் இராப்பகலைக் கடலில் கழித்ததையும் குறிப்பிடுகிறார். அது, அப்போஸ்தலர் 27இல் வரும் கப்பல் மெலித்தா (இன்றைய மால்டா) தீவின் அருகே உடைவதற்கு முன்பே எழுதப்பட்ட நிருபம். அந்த மூன்று சேதங்களும் எங்கே நடந்தன, எதற்காக நடந்தன என்று வேதாகமத்தில் எங்குமே சொல்லப்படவில்லை. காரணம் சொல்லப்படாத துன்பங்கள் அப்போஸ்தலருக்கே இருந்திருக்கின்றன என்று அந்தச் சகோதரியிடம் ஒருநாள் வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் அழுதார். அதன் பிறகு நன்றாகத் தூங்கினார். இன்று கை குணமாகிவிட்டது, மலைப்பாதை என்றால் பயம் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தையும் மறைக்காமல் ஜெபத்தில் வைக்கிறார். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது பகிர்வு: இளைஞர் ஊழியத்தில் இருக்கும் சகோதரர்

உங்கள் இருவருடைய பயணங்களும் தடைகளுக்கு நடுவிலும் போய்ச் சேர்ந்தன. எங்கள் பயணம் தொடங்கவே இல்லை. உபவாசித்து ஜெபித்து, சபையார் காணிக்கை கொடுத்து, தடுப்பூசி முதற்கொண்டு எல்லாம் முடிந்த நிலையில், புறப்பட வேண்டிய வாரத்தில் விசா மறுக்கப்பட்டது.

அந்த நாட்களில் எங்கள் போதகர், பர்மாவில் (இன்றைய மியன்மார்) ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைப் பற்றி எங்களுக்கு எடுத்துச் சொன்னார். 1812இல் கல்கத்தா வந்து இறங்கிய அவரையும் அவர் மனைவி ஆனையும் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தங்கவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1813இல் சென்னைக்கு வந்து, அங்கேயும் நிலைக்க முடியாமல், ரங்கூனுக்குப் புறப்படவிருந்த கப்பலில் ஏறினார்கள். அந்தக் கடற்பயணத்திலே அவர்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பர்மாவில் முதல் விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது 1819இல்தான். 1834இல் ஜட்சன் பர்மிய மொழியில் வேதாகமத்தை முழுமையாக மொழிபெயர்த்து முடித்தார். போதகர் முடிவை முதலில் சொல்லி எங்களைத் தேற்றியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், கப்பலில் ஆன் பட்ட வேதனையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். அதனால்தான் அது எங்கள் மனதில் தங்கியது.

கிடைத்த காணிக்கையில் திரும்பப் பெற முடிந்த தொகையை, கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, நாங்கள் போகவிருந்த சபைக்கே அனுப்பிவைத்தோம். அந்தச் சபையின் இளைஞர்களோடு வாரந்தோறும் காணொளி அழைப்பில் வேதபாடம் நடத்துகிறோம். அழைப்பு அடிக்கடி துண்டிக்கப்பட்டாலும் அவர்கள் திரும்பத் திரும்ப இணைந்துகொள்கிறார்கள். தேவையான ஆவணங்களைச் சேர்த்து விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து எங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.