சலூன் தரையில் சாயக் கறை: லினோலியத்தைக் கைவிடத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். நான்கு இருக்கைகளும் இரண்டு தலை அலசும் தொட்டிகளும் கொண்ட சலூன் ஒன்றின் உட்புறத்தை, சூழலுக்கு இயன்றவரை தீங்கு குறைந்த பொருள்களால் அமைத்து வருகிறேன். ஆளிவிதை எண்ணெய், தக்கைத்தூள், மரத்தூள் முதலியவற்றைக் கலந்து சணல் துணியின்மேல் பரப்பிச் செய்யப்படும் லினோலியத்தையே தரை முழுவதும் விரிக்க எண்ணியிருந்தேன். வாங்குவதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்றில் முடிச்சாயத்தைத் தடவி, அரை மணி நேரம் கழித்துத் துடைத்தபோது கறை போகவில்லை; பளபளப்பும் மங்கிவிட்டது. காரணம் என்ன?

மேலும், மின்சாரச் சிக்கனத்துக்காகப் பொருத்திய எல்.இ.டி. விளக்குகளின் கீழே சாயத்தின் நிறம் ஒன்றாகவும் பகல் வெளிச்சத்தில் வேறாகவும் தெரிகிறது. இதற்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

நிரந்தரச் சாயங்களில் அம்மோனியாவோ அதையொத்த காரப் பொருளோ இருக்கும். லினோலியத்தைப் பிணைத்து வைத்திருப்பது காற்றில் இறுகிய ஆளிவிதை எண்ணெய் என்பதால், காரம் பட்டால் அதன் மேற்பரப்பு சிதையத் தொடங்குகிறது. சாயத்தின் நுண்மூலக்கூறுகளோ உள்ளே ஊடுருவிய பிறகே ஒன்றுசேர்ந்து நிறமாகின்றன. ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

லினோலியத்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. காத்திருக்கும் இடத்திலும் நடைபாதையிலும் அதை விரித்து, சாயமிடும் இருக்கைகளையும் தொட்டிகளையும் சுற்றி விட்ரிஃபைடு டைல்ஸ் பதியுங்கள். டைல்ஸ் இடைவெளிகளில் எபாக்சி என்னும் பிசின் கலவையை நிரப்புங்கள். டைல்ஸைச் சுடுவதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது என்பது உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கொரு முறை பெயர்த்து எறியப்படும் தரை, எந்த இயற்கைப் பொருளால் ஆனதாக இருந்தாலும், சூழலுக்கு உகந்ததாகாது என்பது என் கருத்து.

மறுமொழி 2

விளக்கு உறையில் சி.ஆர்.ஐ. என்னும் நிறக்காட்சி எண்ணை, அதாவது அந்த ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். அது 90-க்குக் குறையாமலும், ஒளி மஞ்சள் சாயலா நீல வெண்மையா என்பதைக் குறிக்கும் நிறவெப்பம் 4000 கெல்வின் அளவிலும் இருந்தால் வேறுபாடு பெரிதும் குறையும். சிவப்பு நிறத்துக்குரிய ஆர்9 மதிப்பையும் கேட்டுப் பெறுங்கள், ஏனெனில் செம்பழுப்புச் சாயங்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் அங்கேதான். விளக்குகளைக் கண்ணாடியின் இருபுறமும் பொருத்தினால் முகத்தில் நிழல் விழாது.

தரையைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள் வெந்நீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! சலூன் நாள்தோறும் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு அதற்குப் போகிறது. ஹீட் பம்ப் வகை வாட்டர் ஹீட்டர், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்கு ஏற்றுவதால், சாதாரண ஹீட்டருக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலேயே இயங்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஹீட்டரைப் பற்றியும் யோசிக்கிறேன். பழைய கட்டடங்களில் கழித்த மரத்தை வேலை மேசைக்குப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1

சுவரில் உயரமாகப் பொருத்தும் அலமாரித் தட்டுகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேசையின் மேற்பரப்புக்கு வேண்டாம். விரிசல்களில் முடித்துகளும் ஈரமும் தங்கும், கிருமிநீக்கி தெளித்துத் துடைப்பதும் கடினம். புதிய பிளைவுட் வாங்க நேர்ந்தால், ஃபார்மால்டிஹைடு என்னும் தீங்கான வாயுவின் வெளியேற்றம் குறைந்த இ0 தரத்தைக் கேளுங்கள். எதைத் தேர்ந்தாலும், லினோலியத்துக்குச் செய்த அதே சாயச் சோதனையை அதன் மாதிரித் துண்டிலும் செய்த பிறகே வாங்குங்கள்.