எக்மோ வைக்கச் சொன்னால் சம்மதிக்கலாமா?

மருதன்:
எஸ்.பி.பி.க்கு 2020 ஆகஸ்டில் எக்மோ, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம், வைத்தார்கள். செப்டம்பர் 25 அன்று போய்விட்டார். என் பெரியப்பாவுக்கும் கொரோனாவில் ஒன்பது நாள் வைத்தார்கள். நிலத்தை விற்றோம், அவரும் இல்லை. அதில் யாரும் பிழைப்பதில்லை. கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரவுப்பணி நர்ஸ்:
சார், உங்கள் இழப்பு புரிகிறது. ஆனால் யாரும் பிழைப்பதில்லை என்பது தவறு. 2009 பன்றிக் காய்ச்சலில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எக்மோ வைத்த 68 பேரில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். அது வைரஸைக் கொல்லாது, நுரையீரல் ஆறுவதற்கு நாள் வாங்கித் தரும், அவ்வளவுதான். தொடை வழியாக வெளியே வரும் ரத்தம் நாவற்பழம் போலக் கறுத்திருக்கும். செயற்கை நுரையீரலைத் தாண்டியதும் செக்கச்செவேலென்று கழுத்து வழியாக உள்ளே போகும். அந்தப் பெட்டியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துப் பார்ப்பேன். கட்டாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். அதனாலேயே மூளையில் கசிவு வந்து இழந்தவர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

மாவட்ட டாக்டர்:
சிஸ்டர், நுரையீரல் கடுமையாகப் பாதித்தவர்களில் எக்மோவையும் வழக்கமான வென்டிலேட்டர் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2018இல் வந்த இயோலியா ஆய்வையும் சொல்லுங்கள். 60 நாளில் இறப்பு எக்மோ பிரிவில் 35 சதவீதம், வென்டிலேட்டர் பிரிவில் 46. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

இரவுப்பணி நர்ஸ்:
மற்ற பிரிவில் நூற்றுக்கு 28 பேரை நிலைமை மோசமானதும் எக்மோவுக்கே மாற்றினார்களே டாக்டர்! வித்தியாசம் எப்படித் தெளிவாகத் தெரியும்?

மாவட்ட டாக்டர்:
சரி, அது நியாயம். ஆனாலும் 2013இல் ப்ரோசேவா ஆய்வு காட்டியது என்ன? வென்டிலேட்டரில் இருந்த கடுமையான நோயாளிகளைத் தினமும் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்ததில் 28 நாள் இறப்பு 33இலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. அதற்குத் தேவை தலையணையும் நாலைந்து பேர் கையும்தான். எங்கள் வார்டில் இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் சேர்ந்து புரட்டினோம். அதைச் செய்யாமல் எக்மோ பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இரவுப்பணி நர்ஸ்:
அதில் நமக்குள் சண்டையே இல்லை. குப்புறப் போட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. இயோலியாவில் வென்டிலேட்டரில் ஏழு நாளைத் தாண்டாதவர்களைத்தான் சேர்த்தார்கள். மருதன் சார், பெரியப்பாவுக்கு எத்தனையாவது நாள் வைத்தார்கள்?

மருதன்:
இப்போதுதான் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். வென்டிலேட்டரில் பதின்மூன்றாவது நாள். குப்புறப் படுக்க வைத்ததாக ஓரிடத்திலும் இல்லை.