வில்லியம் ஆஸ்டின் பர்ட்: அப்பா, ஐந்து பிள்ளைகள், ஒரு சோலார் காம்பஸ்

கோடுபோடுபவன்:
வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மேல் தீபகற்பத்தின் 1840-களின் நில அளவைக் குறிப்பேடுகளில் ‘பர்ட்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே ஆளா, குடும்பமா? இன்னொன்று: இரும்புத்தாது கிடந்ததால் காந்த முள்ளை நம்ப முடியாமல்தான் அங்கே சோலார் காம்பஸ் (சூரியனை வைத்து வடக்கைக் காட்டும் கருவி) பிறந்தது என்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு கோட்டுக்கும் உண்மை வடக்கிலிருந்து முள்ளின் விலக்கத்தை ஏன் எழுதி வைத்தார்கள்? சூரியனை வைத்துப் போட்ட கோடும் சில இடங்களில் கோணிக்கொள்வது ஏன்?

சங்கிலி66:
குடும்பம்தான். வில்லியம் ஆஸ்டின் பர்ட் 1792-இல் மாசசூசெட்ஸின் பீட்டர்ஷாமில் பிறந்தவர். 1813-இல் ஃபீபி கோலைக் கல்யாணம் செய்தார். 1820-களில் மிச்சிகனின் மக்கோம் கவுண்டியில் குடியேறி, ஆலை கட்டும் தச்சராகப் பிழைத்தார். 1833-இல் அரசின் துணை நில அளவையர் ஆனார். பிள்ளைகள் மூத்தவரிலிருந்து ஜான், ஆல்வின், ஆஸ்டின், வெல்ஸ், வில்லியம். ஐந்து பேரும் அதே தொழிலுக்கு வந்தார்கள்.

குழப்பம் கடைக்குட்டியால் வருவது. ‘வில்லியம் ஏ.’ என்றால் அப்பா, வெறும் ‘வில்லியம்’ என்றால் மகன். ‘ஆஸ்டின்’ என்று மட்டும் இருந்தால் மூன்றாவது மகன். அட்டையிலுள்ள பெயரோடு நிறுத்தாதீர்கள். ஒப்பந்தம் யார் பெயரில், அளவுச் சங்கிலி பிடித்தவர்களின் உறுதிமொழியில் யார் யார் என்று பார்த்தால் விளங்கிவிடும். கூலி மைல் கணக்கு, ஆட்செலவு ஒப்பந்தக்காரர் தலையில். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது கட்டுப்படியாகும் கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

ஒரு திருத்தம். கருவி முதலில், மேல் தீபகற்பத்து இரும்பு பிறகு. மிச்சிகன் ஏரிக்கு மேற்கே விஸ்கான்சின் பக்கம் முள் தடுமாறியதைக் கண்டுதான் பர்ட் கருவியை யோசித்தார். செய்து கொடுத்தவர் பிலடெல்பியாவின் வில்லியம் யங். காப்புரிமை 1836-இல். நெகானி அருகே டீல் ஏரிப் பக்கம் முள்ளின் வட முனை கிட்டத்தட்ட மேற்கைக் காட்டியது 1844 செப்டம்பர் 19-இல். கூட வந்தவர்களைச் சுற்றித் தேடச் சொன்னார், தாது அகப்பட்டது. சூரியன் உண்மை வடக்கைத் தந்ததால்தான் முள் எவ்வளவு பிசகுகிறது என்றே தெரிந்தது.

முள்ளின் விலக்கத்தை எழுதியதும் அதனால்தான். வெயில் இல்லாத நாளில் முந்தின விலக்கத்தைக் கழித்து முள்ளை வைத்தே கோடு போடலாம். குறிப்பேட்டில் 40.00 சங்கிலியில், அதாவது அரை மைலில், கால்பிரிவு முளை, 80.00-இல் மைல் மூலை. அந்த ஒரு மைலுக்குள் விலக்கம் பல பாகை தாவினால் அங்கே காந்தத் தாது இருக்கலாம்.

(சங்கிலி 66 அடி, 100 லிங்க். நம்ம ஊர் சென்ட்டும் இதே சங்கிலியின் பிள்ளை: 1000 சதுர லிங்க்.)

வெர்னியர்:
கோணலைப் பற்றி. கருவியில் மூன்று வில்கள் (அளவு குறித்த வளைவுகள்): அட்சரேகைக்கு ஒன்று, அன்றைய சூரியனின் டெக்லினேஷனுக்கு (வான நடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கேயோ தெற்கேயோ விலகி நிற்கும் கோணம்) ஒன்று, நேரத்துக்கு ஒன்று. முதல் இரண்டையும் சரியாக வைத்து, மட்டம் பார்த்து, கருவியை மெல்லத் திருப்ப வேண்டும். லென்ஸ் வழியாக விழும் சூரியப் புள்ளி, எதிரேயுள்ள சிறு வெள்ளித் தகட்டில் கீறிய கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் பார்வைத் தகடுகள் உண்மை வடக்கு–தெற்கில் நிற்கும்.

பிழை நுழையும் பெரிய வாசல் டெக்லினேஷன். அன்றைய வானியல் பஞ்சாங்கம் தந்தது கிரீனிச் நண்பகல் மதிப்பு. மேல் தீபகற்பத்தில் அப்போது காலை 6 மணி சொச்சம். சம இரவு நாளையொட்டி (டீல் ஏரி நாள் அப்படிப்பட்டதுதான்) டெக்லினேஷன் மணிக்கு ஏறத்தாழ ஒரு கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) மாறும். மணிவாரியாகத் திருத்தாமல் பிற்பகல் 3 மணிக்குக் கருவியை வைத்தால் 9 கலை பிசகு.

அது அப்படியே திசையில் விழாது, பெருகும். 46½ பாகை அட்சத்தில் ஒரு கலை டெக்லினேஷன் பிழை, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் திசையில் சுமார் 2 கலை. 11 மணிக்கு 5½ கலை. 11.30-க்கு 11 கலை. ஒரு கலைத் திசைப்பிழை ஒரு மைலில் சுமார் ஒன்றரை அடி. ஆக, மேலே சொன்ன 9 கலை மைலுக்கு 28 அடி தள்ளிவிடும். நண்பகலை ஒட்டி இந்தக் கருவியைத் தொடாதே என்பது இதனால்தான். காலையில் பிழை ஒரு பக்கம் சாய்த்தால் பிற்பகலில் மறுபக்கம் சாய்க்கும். அதனால் ஒரு நாள் வேலையின் நடுவில் கோடு முறிந்ததுபோல் தெரியும்.

அதிகாலையில் தொல்லை வேறு. சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கையில் ஒளிவிலகல் 5 கலைக்குச் சற்று மேல். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நண்பகல் வீணாவதில்லை. நேர வில்லை 12-இல் நிறுத்தி, புள்ளி கோடுகளுக்கு நடுவே வரும்வரை அட்ச வில்லை நகர்த்தினால் அந்த இடத்து அட்சம் கிடைக்கும். கருவியின் சொந்தக் கோளாறில் கொஞ்சம் அதிலேயே கழிந்தும்விடும்.

கோடுபோடுபவன்:
முறிவு நண்பகலில் என்பது இப்போது பொருந்துகிறது. இவ்வளவு புழங்கிய கருவி, குடும்பத்துக்குக் காசு வந்ததா?

சங்கிலி66:
எதிர்பார்த்த காசு வரவில்லை. காப்புரிமை 14 வருடம், 1850-இல் முடிந்தது. புதுப்பிக்கப் போனவரிடம், அதை விட்டுவிடுங்கள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஈட்டுத்தொகைக்கு மனுப் போடுங்கள் என்றார்கள். போட்டார். தொகை வரவே இல்லை. முக்கியக் கோடுகளுக்குப் பர்ட்டின் சோலார் காம்பஸோ அதற்கு நிகரான கருவியோ வேண்டும் என்று 1855 அரசு நில அளவைக் கையேடு மட்டும் சொன்னது! 1829-இல் காப்புரிமை வாங்கிய டைப்போகிராபர் என்ற தட்டச்சுப் பொறியும் விற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும், கையால் எழுதுவதே வேகம். அதில் 1830-இல் ஃபீபிக்கு அடித்த கடிதம் உண்டு. மூத்தவர் ஜான், 1855-இல் திறந்த சூ கால்வாயின் (சுப்பீரியர் ஏரியையும் ஹூரான் ஏரியையும் கப்பலுக்கு இணைப்பது) முதல் கண்காணிப்பாளர். அப்பா 1858-இல் டெட்ராய்ட்டில் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், இதே சூரியக் கணக்கைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் ஈக்குவடோரியல் செக்ஸ்டன்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.