மேட்டுல நிறுத்தினா ஒரு மாதிரி, இறக்கத்துல நிறுத்தினா ஒரு மாதிரி: டர்போ டீசல் ஸ்டார்ட்டிங், ஐடிலிங் அனுபவங்கள்

தாளவாடி பிக்கப்

மூணு மாசம் பட்ட பாட்டை எழுதறனுங்க. இதே மாதிரி தொந்தரவு இருக்கிறவங்க ஒருத்தருக்காவது செலவு மிச்சமாகட்டும்.

வண்டி டர்போ டீசல் பிக்கப், காமன் ரெயில் (பம்பு தள்ளற டீசல் ஒரே குழாயில பிரஷரா நின்னு, அங்கிருந்து எல்லா நாசலுக்கும் போற முறை. நாசல்ங்கறது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சறது), நாலு சிலிண்டர். முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் ஏத்திக்கிட்டு திம்பம் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சத்தி, மேட்டுப்பாளையம்னு ஓடற வண்டி. ராத்திரி அந்த ரோட்டுல போக முடியாது. வெடியால 6 மணிக்கு விடறப்ப வரிசையில நின்னாத்தான் மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த நேரத்துல வண்டி எடுக்கலைன்னா அன்னைக்கு லோடோட விலையே போச்சுங்க.

கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சுது. காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் எட்டு, பத்து செகண்ட் செல்ஃப் அடிக்கணும். ரெண்டு மூணு தடவை அடிச்சா ஒரு குலுக்கு குலுக்கி எடுக்கும். எடுத்ததுக்கப்புறம் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடற வேகம்) நிக்காது. நிமிசத்துக்கு 800 சுத்துல நிக்க வேண்டிய முள்ளு 650-க்கு இறங்கும், 950-க்கு ஏறும், திரும்ப இறங்கும். செக்போஸ்ட் வரிசையில நிக்கறப்ப ரெண்டு தடவை தானா ஆஃப் ஆயிருச்சு. மீட்டர்ல இன்ஜின் லைட் எரியவே இல்லை.

குளிருக்கு பேட்டரி வீக் ஆயிருக்கும்னு சொன்னாங்க. 5,800 ரூபாய் போட்டுப் புது பேட்டரி மாத்தினேன். செல்ஃப் வேகமா சுத்துச்சு, ஆனா வண்டி எடுக்கறது அதே மாதிரிதான். அடுத்து ஹீட்டர் பிளக், குளிர்ல சிலிண்டருக்குள்ள சூடு பண்றது. நாலையும் கழட்டி பேட்டரியில வச்சுப் பார்த்தோம், நாலும் நுனி செவந்துது, அதுல குறை இல்லை. அப்புறம் ஒரு பெரிய பட்டறையில ஸ்கேனர் போட்டாங்க. செல்ஃப் அடிக்கறப்ப ரெயில் பிரஷர் 200 பாருக்கு (பார்ங்கறது பிரஷர் அளவு) ஏறவே ஒன்பது செகண்ட் ஆச்சு. அந்த அளவு பிரஷர் வராம கம்ப்யூட்டர் நாசலைத் திறக்க விடாதுங்க. உடனே "ஹை பிரஷர் பம்பு போச்சு, 42,000 ஆகும்"னுட்டாங்க. ஸ்கேனர் சொன்னது நிசந்தான். ஆனா பிரஷர் ஏன் ஏறலைங்கறதை ஸ்கேனர் சொல்லலை, அவங்களும் தேடலை.

வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். எங்க அப்புச்சி தோட்டத்துல களத்துமேடு சாய்வா இருக்கும். ஒரு நாள் லோடு ஏத்தறதுக்குத் தோதா, மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்திட்டுப் படுத்துட்டேன். மறுநாள் 4 மணிக்கு, பனி கொட்டிக் கிடக்குது, சாவியைத் திருப்பினதும் எடுத்துருச்சு! அடுத்த நாள் வேணும்னே மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். பத்து செகண்ட். நாலு நாள் மாத்தி மாத்தி நிறுத்திப் பார்த்தேன், தப்பவே இல்லை. டேங்க்ல டீசல் கால்வாசிக்குக் கீழ இருந்தா இன்னும் மோசம்.

அங்கதான் பிடி கிடைச்சுது. குளிரும் இல்லை, பம்பும் இல்லை. ராத்திரி முழுக்க லைன்ல இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குது. மூக்கு மேல இருந்தா இறங்கும், கீழ இருந்தா இறங்காது. டீசல் இறங்கணும்னா எங்கயோ காத்து உள்ள போகணுமில்லைங்களா?

சத்தியில ஒரு பம்பு-நாசல் கடை. அந்தப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டதும் ஸ்பேனரையே எடுக்கலை. கொத்தனாருங்க மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் ஒரு முழம் எடுத்தாரு. ஃபில்டர்ல இருந்து பம்புக்குப் போற லைனைக் கழட்டி நடுவுல அந்த டியூபைச் சொருகி ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டாரு. "இப்ப அடி கண்ணு"ன்னாரு. சோடா பாட்டில் திறந்தா எழும்புற மாதிரி பொடிப்பொடியா குமிழு ஓடுது. எடுத்து ஐடிலிங்ல வச்சா, அரை விரல் நீளத்துக்கு ஒரு காத்துத் துண்டு போகும், அது பம்புக்குள்ள போன நிமிசம் முள்ளு இறங்கும். கண்ணால பார்த்தனுங்க.

அடுத்து அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால போட்டாரு. குமிழே இல்லை. அப்ப ஓட்டை ஃபில்டருலதான். அடியில தண்ணி வடிக்கிற ஸ்குரூவைக் கழட்டினா, அதோட ஓ-ரிங் (ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம்) ஒரு பக்கம் நசுங்கி நூல் மாதிரி பிரிஞ்சு நிக்குது. யோசிச்சா, தொந்தரவு ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலதான் ஃபில்டர் மாத்தினேன். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டு முறுக்கியிருக்காங்க.

இதைப் பெரியவர் சொன்ன மாதிரியே எழுதறேன், நெம்ப முக்கியம்: டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை இருந்தா வண்டி ஓடறப்ப வெளிய டீசல் ஒழுகாது, உள்ள காத்துதான் இழுக்கும். கீழ ஈரம் இல்லை, அதனால லைன் நல்லாயிருக்குன்னு யாரும் முடிவு பண்ணிராதீங்க. (டேங்குலயே மோட்டார் வச்ச வண்டியில கதை வேற. அதுல லைன்ல பிரஷர் இருக்கும், ஓட்டை இருந்தா வெளிய தெரியும்.)

ஓ-ரிங் 30 ரூபாய். அடுத்த நாள்ல இருந்து எந்தப் பக்கம் நிறுத்தினாலும் ஒரே திருப்பு.

ஆனா ஐடிலிங் முழுசா அடங்கலை. காத்து போன பிறகும் சூடானதும் லேசா நடுக்கம், கரும்புகை. அது தனி நோவுங்க. ஈஜிஆர் வால்வை (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடற வால்வு) கழட்டினா கரி விரல் தடிமனுக்கு ஒட்டி, வால்வு மூடாம திறந்தே நிக்குது. மார்க்கெட்ல இறக்கற வரைக்கும் மணிக்கணக்கா ஐடிலிங்லயே விட்டுவச்ச பழக்கம்தான் காரணம். கிளீனர் அடிச்சு, மரக்குச்சியால சுரண்டி, புது கேஸ்கட் போட்டாச்சு. முள்ளு 800-ல ஆணியடிச்ச மாதிரி நிக்குது. தகடு வச்சு அடைச்சிருன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. புகை டெஸ்ட்டுக்கும் ஆகாது, நாம மூச்சு விடற காத்துக்கும் ஆகாது. நான் செய்யலை.

திருச்செங்கோடு ரிக்

அண்ணா, நல்ல விவரமுங்க. எங்களுது போர்வெல் ரிக், கம்ப்ரசர் இன்ஜின். 24 வோல்ட். செல்ஃப் மந்தமா சுத்தும், வெள்ளைப் புகையா தள்ளும், எடுக்காது. எரியாத டீசல்தான் அப்படி வெள்ளையா வரும். ரெண்டு பேட்டரியும் புதுசு, செல்ஃப் மோட்டாரும் கட்டிப் போட்டாச்சு. கடைசியில ஒரு எலக்ட்ரீஷியன் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சுட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும், 3 வோல்ட் காட்டுச்சு. சேஸிஸுக்குப் பெயின்ட் அடிச்சப்ப எர்த் கேபிளை அந்தப் பெயின்ட்டு மேலயே முடுக்கியிருக்காங்க. சுரண்டி முடுக்கினதோட சரியாச்சு.

டர்போவுக்கு ஒண்ணு சொல்லணும். ஃபுல் லோடுல குழி ஓட்டிட்டு டக்குனு ஆஃப் பண்ற பசங்க இருக்காங்க. டர்போ ஷாஃப்ட் நிமிசத்துக்கு லட்சம் சுத்து கிட்ட சுத்திக்கிட்டு இருக்கும், ஆயில் மட்டும் அந்த நொடியே நின்னுரும். எங்க டர்போ அப்படித்தான் போச்சு. பேரிங் தேஞ்சு ஆயில் உள்ள இறங்கி, ஐடிலிங்ல நிக்கறப்ப நீலப்புகையா அடிச்சுது. இப்ப அஞ்சு நிமிசம் ஸ்லோவுல விட்டுட்டுத்தான் நிறுத்தணும்னு கண்டிப்பு.

ஈரோடு பெட்ரோல் டர்போ

எனக்கு கார். பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு எடுத்தா மட்டும் ஸ்டார்ட் ஆகாது, ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே அடிச்சா எடுக்கும், அப்புறம் ஒரு நிமிசம் ஐடிலிங் தடுமாறும். மத்த நேரம் எந்தக் குறையும் இல்லை. டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடற பர்ஜ் வால்வு மூடாம நின்னுருச்சு. டேங்க் நிரம்பறப்ப எழும்பற ஆவியெல்லாம் நேரா இன்ஜினுக்குள்ள போய் மூச்சை அடைச்சிருக்கு. வால்வைக் கழட்டி வாயால ஊதிப் பார்த்தோம். கரன்ட் இல்லாதப்ப காத்து போகக்கூடாது, போச்சு. புதுசு போட்டு ஒரு வருசமாச்சு.

பொள்ளாச்சி தேங்காய் லோடு

தாளவாடி அண்ணா, எனக்கும் ஐடிலிங் குலுக்கல்தான். இறக்கத்துல நிறுத்தியும் பார்த்துட்டேன், வித்தியாசம் இல்லை. எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க நாசல் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பார்க்கலாம்னு எங்க பிட்டர் சொல்றாரு. செய்யலாமுங்களா?

தாளவாடி பிக்கப்

தம்பி, வேண்டவே வேண்டாம். அது பழைய பம்பு வண்டியில செஞ்ச பழக்கம். காமன் ரெயில்ல ஐடிலிங்லயே 250, 300 பார் இருக்கும், ஏத்தத்துல ஆயிரத்தைத் தாண்டும். ஊசி முனை அளவு பீச்சினாலும் தோலைக் கிழிச்சுக்கிட்டு டீசல் உள்ள போயிரும். வெளிய சின்ன பொத்தல்தான் தெரியும், கை உள்ள அழுகிப்போயிரும். அப்படிப் பட்டா வலி இல்லைன்னாலும் அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அதுக்குப் பதிலா ரிட்டர்ன் (நாசல் பீச்சினது போக மிச்சமாகி டேங்குக்குத் திரும்பற டீசல்) பாருங்க. இன்ஜினை நிறுத்திட்டு, நாலு நாசலோட ரிட்டர்ன் டியூபையும் கழட்டி நாலு சின்ன பாட்டில்ல விடுங்க. நாசல் ரிட்டர்ன் டியூப் பிரதான ரிட்டர்ன் லைன்ல சேர்ற வாயை மட்டும் அடைச்சிட்டு (பம்புல இருந்து டேங்குக்குப் போற ரிட்டர்னை அடைச்சிராதீங்க) ரெண்டு நிமிசம் ஐடிலிங்ல ஓட்டுங்க. நாலுலயும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு டீசல் இருக்கணும். ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு நிரம்பியிருந்தா அந்த நாசலை மட்டும் கழட்டி டெஸ்ட் பெஞ்சுக்குக் கொடுங்க, நாலையும் மாத்த ஒத்துக்காதீங்க. பார்த்துட்டு பாட்டிலை வரிசையா வச்சு ஒரு போட்டோ போடுங்க, நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல இருப்பேன்.