பாடத் தயாரிப்பையே தனித்தியானமாக வைத்துக்கொள்ளலாமா?

ஒலிவக்கிளை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளியில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும், வாரநடுவில் பெரியவர்களின் வேதபாடக் குழுவுக்கும் பாடம் எடுக்கிறேன். இப்போது மாற்கு சுவிசேஷம். வேதத்தைத் திறந்தாலே ‘இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது’ என்றுதான் மனசு ஓடுகிறது. அதே பகுதியைத்தான் வாரம் முழுக்கப் படிக்கிறோமே, அதையே தனித்தியானமாக வைத்துக்கொண்டால் போதாதா? கிடைப்பது காலையில் அரை மணி நேரம். எதை, எந்த வரிசையில் செய்வது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

உபதேசியார்:
போதாது, சகோதரி. பாடத்துக்காக வாசிக்கும்போது வசனம் நம்மைக் குத்துகிற இடத்தில் நிற்க மாட்டோம். பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில்தான் நிற்போம். அதுவும் தேவைதான், ஆனால் அது வேலை.

நடத்துகிற புத்தகத்தைவிட்டுத் தள்ளி இருக்கிற பகுதியை எடுங்கள். மாற்கு நடத்துகிற காலத்துக்குச் சங்கீதம் பொருந்தும். அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போவது. 7ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. இப்படியே 150 சங்கீதமும் 30 நாளில் முடியும். சிக்கல் 29ஆம் தேதிதான். 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் அன்றைக்கு வந்து விழும். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். ஐந்து சங்கீதம் நெருக்கினால் இரண்டு போதும், ஆனால் வாய்விட்டு வாசியுங்கள்.

அரை மணியில் முதல் 10 நிமிஷம் வாசிப்பு, கையில் பேனா இல்லாமல். அடுத்த 5 நிமிஷம் மனசு நின்ற ஒரே வசனத்தில். மீதி 15 ஜெபம். நடுவில் பாடத்துக்கான யோசனை வரத்தான் செய்யும். அதோடு மல்லுக்கு நிற்காமல், ஒரு துண்டுத்தாளில் ஒரே சொல்லாகக் குறித்துவிட்டுத் திரும்புங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனசு அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. போனில் வாசிக்காதீர்கள். குழுவிலிருந்து ஒரு செய்தி எட்டிப்பார்த்தால் போதும், அத்தோடு ஊழியம் ஆரம்பமாகிவிடும்.

இன்னொன்று. சபையில் ஜெபம் நடத்திப் பழகியவர்கள் அறையில் தனியாக இருக்கும்போதும் ‘எங்களை ஆசீர்வதியும், எங்களுக்கு இரங்கும்’ என்றே ஜெபிப்பார்கள். ‘என்னை’, ‘எனக்கு’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பாவ அறிக்கை எப்போதோ காணாமல் போயிருந்தால் அது அப்போது தெரியவரும்.

தபீத்தாள்:
ஐயா சொன்னதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள முடிகிறது. இவ்வளவு கறாராகப் பிரித்துவிட்டால் நடத்துவது ஒன்று, வாழ்வது ஒன்று என்று ஆகிவிடும். எஸ்றா 7:10இல் வேதத்தை ஆராய்வது, அதின்படி செய்வது, உபதேசிப்பது என்று மூன்று இருக்கிறது, அந்த வரிசையில். நம் தயாரிப்பில் விடுபடுவது நடுவில் உள்ளதுதான். காரணம் ரொம்பச் சாதாரணம்: சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தயாரித்தால் செய்து பார்க்க நாள் ஏது?

திங்களும் செவ்வாயும் பாடப் பகுதியை விளக்கவுரை இல்லாமல் வாசியுங்கள். செவ்வாய் ராத்திரி ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த வாரம் நான் செய்ய வேண்டியது என்ன. ‘மன்னிக்கிற குணம் வேண்டும்’ என்று எழுதினால் அது பாடக் குறிப்பு. மாற்கு 11:25 நடத்துகிறீர்கள் என்றால் அந்த வரியில் ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். புதன் முதல் வெள்ளி வரை விளக்கவுரை, கேள்விகள், படங்கள் எல்லாம். சனிக்கிழமை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது மட்டும். பிள்ளைகளுக்கு ஞாயிறு எடுத்ததையே பெரியவர்களுக்கு அடுத்த வாரநடுவில் எடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பகுதி என்றால் இந்த அட்டவணை தாங்காது.

செய்ததை மட்டும் வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அது பழகிவிட்டால், சொல்வதற்காகவே செய்ய ஆரம்பித்துவிடுவோம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முதல் பாதி அதைத்தானே கண்டிக்கிறது.

ஒலிவக்கிளை:
நன்றி ஐயா, நன்றி அக்கா. இன்னும் இரண்டு சந்தேகம். ஆராதனை நேரத்திலேயே பிள்ளைகள் வகுப்பும் நடப்பதால் பிரசங்கம் கேட்பதே இல்லை. பதிவைக் கேட்டால் போதுமா? மனசு வறண்டுபோன வாரத்தில் வகுப்பை விட்டுவிடுவதா, நடத்துவதா?

மறைக்கல்வி_ஆசிரியர்:
நான் கத்தோலிக்கத் திருச்சபை. பிரசங்கத்துக்குப் பதிவு ஈடாகலாம், ஆராதனைக்கு ஆகாது. எல்லோரோடும் சேர்ந்து பாடுவதும், பாவங்களை அறிக்கையிடுவதும், நற்கருணை வாங்குவதும் பதிவில் வராது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் கேளுங்கள். நாலு வாரத்தில் ஒரு வாரமாவது பொறுப்பு எதுவும் இல்லாமல் உட்காருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்த வாரம் பிள்ளைகளும் பெரியவர்களோடு ஆராதனையில் இருக்கட்டும். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் மடாதிபதியான புனித பெர்னார்து, முன்பு தம் மடத்தில் துறவியாக இருந்து பிறகு திருத்தந்தையான மூன்றாம் யூஜினுக்கு எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: எல்லாருக்கும் உம்மைக் கொடுக்கிறீர், அந்த எல்லாரில் நீரும் ஒருவராக இரும்.

வகுப்பு முடிந்த அன்று ராத்திரி 10 நிமிஷம் ஆன்ம ஆய்வு செய்யுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த படிகள் ஐந்து: நன்றி சொல்வது, தன் பாவத்தை அறிய அருள் கேட்பது, நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. மூன்றாவதில்தான் ஆசிரியர்கள் வழுக்குவோம். ‘பாடம் நன்றாகப் போனதா’ என்று மார்க் போடத் தொடங்கிவிடுவோம். எந்தப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தேன், தெரியாததைத் தெரிந்த மாதிரி எங்கே சொன்னேன், பாராட்டுக்கு எப்போது காத்திருந்தேன்: பார்க்க வேண்டியது இவற்றை.

உபதேசியார்:
வறட்சிக்கு என் பதில்: ஓரிரு வாரம் என்றால் நடத்துங்கள். வசனம் உண்மையாயிருப்பது நம் உணர்ச்சியைப் பொறுத்ததல்ல. பொங்கி வழிகிற மாதிரி நடிக்க மட்டும் வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வறட்சியில் தியான நேரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் எடுபடாது. அரை மணியைக் கால் மணியாக்கி, நாள் தவறாமல் செய்யுங்கள். சொந்த வார்த்தை வராதபோது 13, 42, 88 ஆகிய சங்கீதங்களை அப்படியே ஜெபமாக வாசிக்கலாம். 88 ஆறுதலில் முடியாது, இருளிலேயே முடியும். அதுவும் வேதத்தில் இருக்கிற ஜெபம்தான். கூடவே தூக்கத்தையும் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா தூங்கினான், சாப்பிட்டான், மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனைக் கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான்.

தெரிந்தே ஒரு பாவத்தை மறைத்துக்கொண்டு நடத்துவதும், அடிப்படை விசுவாசத்தையே மாதக்கணக்காக நம்ப முடியாமல் நடத்துவதும் வேறு விஷயம். அப்போது போதகரிடம் சொல்லிவிட்டு கொஞ்ச காலம் விலகி நில்லுங்கள். போதிக்கிறவர்களுக்கு அதிகக் கடுமையான நியாயத்தீர்ப்பு உண்டு என்கிற யாக்கோபு 3:1ஐ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நிலைக்கு வருமுன்பே உங்களைக் கேள்வி கேட்கிற ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் இல்லாத, உங்களைவிட அனுபவமுள்ள ஒரு சகோதரியை மாதம் ஒருமுறை பாருங்கள். ஜெபம் எப்படி இருக்கிறது, யார்மேல் கசப்பு இருக்கிறது, நடத்தியதில் எதைச் செய்யவில்லை என்று அவர் கேட்கட்டும். ஊழியம் எப்படிப் போகிறது என்று பேச்சைத் திருப்பினால் விடாமல் மறுபடியும் கேட்கச் சொல்லி வையுங்கள்.