டச்சு பேசுகிறவர்கள் எல்லாம் டச்சுக்காரர்களா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

லூவன் மாணவன்:

பெல்ஜியத்தின் லூவன் நகரில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேடு, டச்சு பேசும் பகுதிகளின் பண்பாடும் அடையாளமும் பற்றியது. நூலகத்தில் கிடைத்ததைவிட நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் கிடைத்ததுதான் அதிகம். அதனால் அவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து ஆட்களோடும், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாம் நாட்டு ஆட்களோடும் பழகியவர்கள் கீழே எழுதுங்கள்.

வீட்டுக்காரர் 1968-இல் இங்கே மாணவராக இருந்தவர். அப்போது ஒரே பல்கலைக்கழகத்தில் டச்சுப் பிரிவும் பிரெஞ்சுப் பிரிவும் இருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1962-63-இல், பெல்ஜியத்தின் மொழி எல்லையைச் சட்டம் போட்டு வரைந்திருந்தார்கள். லூவன் டச்சுப் பக்கம் விழுந்தது. பிறகு எதற்கு இங்கே பிரெஞ்சுப் பிரிவு என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். “வலோனியர்களே வெளியேறுங்கள்” என்பது கோஷம். வலோனியர் என்றால் பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் மக்கள். அந்தப் பிப்ரவரியில் அரசாங்கமே கவிழ்ந்தது. கடைசியில் பிரெஞ்சுப் பிரிவுக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் வயல்வெளியில் லூவான்-லா-நவ் என்று ஒரு புது ஊரையே கட்டினார்கள். நூலகத்தையும் பங்கு போட்டார்கள். ஒற்றைப்படை எண் கொண்ட புத்தகங்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். அண்ணன் தம்பி சொத்துத் தகராறில்கூட இப்படிப் பிரிப்பார்களா தெரியவில்லை.

“நீங்களும் கத்தினீர்களா?” என்று கேட்டேன். “கத்தினேன். கோஷம் கெட்டது, கோரிக்கை சரி” என்றார். அவருடைய தாத்தா காலத்தில் டாக்டராகவோ வக்கீலாகவோ ஆக வேண்டுமென்றால் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டுமாம். கெண்ட் நகரம் டச்சு பேசும் பகுதியின் நடுவில் இருக்கிறது. அங்கே 1817-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் முழுக்க டச்சுக்கு மாறியது 1930-இல்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இவர்களுடைய கோபத்தைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் கருத்து.

சரி, மொழிமேல் இவ்வளவு பிடிப்புள்ளவர் நெதர்லாந்துக்காரர்களைச் சொந்தம் என்று நினைப்பாரா? அந்தப் பேச்சே கிடையாது. கால்பந்தில் நெதர்லாந்து தோற்றால் அன்று மாலை வீட்டில் பீர் உண்டு. “அவர்கள் ரொம்பச் சத்தம்” என்பார். தொலைக்காட்சியில் அவர்கள் நிகழ்ச்சிக்கு இங்கேயும், இங்குள்ள நிகழ்ச்சிக்கு அங்கேயும் வசன வரி போடுகிறார்கள். இத்தனைக்கும் இரு நாடுகளும் சேர்ந்து 1980-இல் பொது மொழி அமைப்பு ஒன்றை நிறுவியிருக்கின்றன. எழுத்துமுறை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இன்னொன்று, ஜூலை 11 ஃபிளாண்டர்ஸ், அதாவது பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியின், விழா நாள். 1302-இல் கோர்ட்ரைக் ஊரில் ஃபிளாண்டர்ஸ் படை பிரெஞ்சுக் குதிரைப்படையைத் தோற்கடித்த நாள். தெரு முழுக்க மஞ்சள் துணியில் கருஞ்சிங்கம் பறக்கும். சிங்கத்தின் நாக்கும் நகமும் சிவப்பாக இருந்தால் அது அரசின் கொடி. முழுக்கக் கறுப்பாக இருந்தால், ஏற்றியவர் பெரும்பாலும் தனிநாடு கேட்கிற ஆள். வீட்டுக்காரர் சிவப்பு நாக்கு, பக்கத்து வீடு முழுக் கறுப்பு. இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் இரண்டு வீட்டிலும் காபி குடிக்கிறேன்.

எல்லைவாசி:

நான் பார்லவில் சில காலம் வேலை பார்த்தேன். நெதர்லாந்துக்குள் 22 பெல்ஜியத் துண்டுகள் சிதறிக் கிடக்கும் ஊர். எல்லைக் கோடு வீட்டுக்குள்ளேயே ஓடும். வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. இரண்டு நகராட்சி, இரண்டு மேயர், மொழி ஒன்றுதான். கொரோனா சமயத்தில் ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, நெதர்லாந்துப் பகுதியில் வியாபாரம் நடந்தது. குழந்தைகளுக்குத்தான் கொண்டாட்டம். சின்டர்கிளாஸ் பரிசு நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை, பெல்ஜியத்தில் 6 காலை. இரண்டு பக்கமும் தாத்தா பாட்டி இருந்தால் இரண்டு தடவை.

ஹேக் வாசகி:

இங்கே என்னோடு வேலை செய்யும் அக்கா சுரினாமின் தலைநகர் பரமாரிபோவில் பிறந்தவர். சுரினாம் 1975 நவம்பர் 25 அன்று சுதந்திரம் அடைந்தது. அதையொட்டிப் பல ஆயிரம் பேர் நெதர்லாந்துக்கு வந்தார்கள், அதில் இவர் குடும்பமும் ஒன்று. முன்னோர்கள் கல்கத்தாவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள். முதல் கப்பல் லல்லா ரூக் 1873 ஜூனில் போய்ச் சேர்ந்தது. 1863-இல் அடிமை முறையை ஒழித்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, அதுதான் காரணம்.

வீட்டில் இந்திய வம்சாவளியினர் பேசும் சர்னாமி, பள்ளியில் டச்சு, சந்தையில் சுரினாமின் பொதுப் பேச்சுமொழியான ஸ்ரானன். மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவரிடம் ஒரு விருந்தில் ஒருத்தர், “உங்கள் டச்சு ரொம்ப நன்றாக இருக்கிறதே, எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, “உங்கள் தாத்தாமார் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் வைத்தார்களே, அங்கேதான்” என்றார். அந்த ஆள் அப்புறம் எங்கள் மேசைப் பக்கமே வரவில்லை.

ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாமில் அடிமை ஒழிப்பு நாள் நடக்கும். 2023-இல் அரசர் அங்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, “அது முதலில் ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்கு உரியது. எங்கள் கூலிக் கதைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது” என்றார். சுரினாம்காரர்கள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு எழுதிவிடாதீர்கள் தம்பி.

அவர் கொண்டு வரும் ரொட்டி, கோழிக் கறி, உருளைக்கிழங்கு, பயத்தங்காய் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தான்:

நானும் ஹேக்கில்தான் இருக்கிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்த (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் கடதாசிகள் மட்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்த தேசவழமைச் சட்டம் சம்பந்தமாகப் பார்க்கப் போயிருந்தேன். எங்கட வழக்கங்களைக் கேட்டு எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. 1707-இல் இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதி (ஆளுநர்) சீமன்ஸின் கட்டளைப்படி எழுதினார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதலும் வாங்கினார்கள்.

பக்கத்து மேசையில் ஒரு வயோதிபர், கம்பனிச் சிப்பாயாக இருந்த தன் மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் காணி, சீதன வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் இன்றும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. இலங்கையின் பொதுச் சட்டமும் ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் என்றதும் எழுந்தே விட்டார். அவருடைய நாட்டில் அதை நெப்போலியன் காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். “அப்படியென்றால் எங்களைவிட நீங்கள்தான் பழைய ஒல்லாந்தர்” என்று சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. கோட்டையைக் கட்டியவர்களுக்கு வரி கொடுத்தது யார் என்று கேட்டேன். பிறகு தேநீர்ச் சாலையில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கண்டிப்பான மனிசன், ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

லூவன் மாணவன்:

அக்கா, கூடை விஷயம் சரி, அந்த அத்தியாயத்தைப் பிரித்து எழுதுகிறேன். அண்ணா, அந்த ஆவணத்தின் எண் இருந்தால் அனுப்புங்கள். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அங்கே ஃப்ரீசிய மொழியும் ஆட்சிமொழி. ஊர்ப் பலகையில் இரண்டு பெயர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ளவர்கள் டச்சைத் தங்கள் மொழி என்று சொல்கிறார்களா, அரசின் மொழி என்று சொல்கிறார்களா? அடுத்த மாதம் அதன் தலைநகர் லேவார்டன் போகிறேன், அதற்குள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.