மறு: கிலோகிராம் எடையா, கிலோகிராம் விசையா?

குழுவினருக்கு வணக்கம்.

அலகுமாற்றிச் செயலியில் விசைப் பக்கத்துக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். நியூட்டன், டைன் இரண்டிலும் சண்டைக்கு இடமில்லை. 1 நியூட்டன் என்றால் 1,00,000 டைன், அவ்வளவுதான். கிலோகிராமையும் பவுண்டையும் வைத்தே விசையையும் அளக்கும் அலகுகளுக்கு (ஆங்கிலத்தில் kilogram-force, pound-force) தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில்தான் நாம் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

> 'கிலோகிராம் எடை' என்றே போடலாமே. எடையும் ஒரு விசைதானே? பழைய புத்தகங்களில் அப்படித்தான் படித்தோம்.

நானும் அப்படித்தான் படித்தேன், இயற்பியல்படி அதில் பெரிய பிழையும் இல்லை. ஆனால் எந்த ஊரில் நிறுத்த எடை? ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 9.78 மீ/நொடி², துருவத்தில் 9.83. ஊருக்கு ஊர் மாறும் ஒன்றை அலகாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால், 1901இல் எடைகள் அளவைகள் பொது மாநாடு 9.80665 என்ற ஒரே எண்ணை நிலைநிறுத்தியது. செயலி பெருக்குவதும் இந்த எண்ணால்தான். ஆகவே இந்த அலகு எந்த ஊரின் எடையும் இல்லை, 9.80665 நியூட்டன் என்று வரையறுத்து வைத்த ஒரு விசை. சுருள்வில்லின் இழுப்பையும் ராக்கெட்டின் உந்துதலையும் இதே அலகில் சொல்கிறார்கள். அங்கே 'எடை' என்று எழுதினால் படிப்பவர் எதன் எடை என்று தேடுவார்.

இதைவிடப் பெரிய காரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் பொருளின் அளவு 'நிறை', புவி அதை இழுக்கும் விசை 'எடை'. இலங்கைப் பாடநூலில் முதலாவது 'திணிவு', இரண்டாவதுதான் 'நிறை'. மதுரைப் பிள்ளைக்கு ஒன்றும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வேறொன்றுமாகப் பொருள்படும் சொல்லை அலகின் பெயரில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 'நிறை அலகை விசை அலகாக மாற்ற முடியாது' என்று பட்டியலில் இருக்கும் பிழைச்செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை வாசகர், நிறை என்பதே விசைதானே, ஏன் முடியாது என்று கேட்பார், கேட்பது நியாயமும்கூட. 'விசை' இரண்டு பக்கமும் ஒரே பொருளில் புழங்குகிறது. எனவே அலகின் பெயர் அதிலேயே முடியட்டும்.

சேர்த்து எழுதுவதா, பிரித்தா? சேர்த்து எழுதுவோம் என்பது என் கட்சி. 'கிலோகிராம் விசை' தனியாக நிற்கும்போது உறுத்தாது. முறுக்குவிசைப் பக்கத்தில் 'கிலோகிராம் விசை மீட்டர்' என்று வந்தால் மூன்று அலகுகள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். 'கிலோகிராம்விசை மீட்டர்' என்றால் எது எதோடு பெருக்கப்படுகிறது என்று பார்த்ததும் புரியும். டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் பிஎஸ்ஐயும் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுவிசை என்பதுதான். அழுத்தப் பக்கத்திலும் இதே சொல் உதவும்.

> விசை என்று கணினியில் ஏற்கெனவே வேறொன்று இருக்கிறதே?

இருக்கிறது. 'ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்' என்ற வரி இதே செயலியின் உதவிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது! அங்கே 'பொத்தான்' என்று மாற்றிவிட்டால் முடிந்தது. விசைப்பலகையை யாரும் இழுக்க வேண்டாம்.

அடுத்து பவுண்டு. இலங்கையில் பவுண்டுக்கு 'இறாத்தல்' என்று பெயர், இன்றும் பாண் (ரொட்டி) வாங்குவது இறாத்தல் கணக்கில்தான். இலங்கைத் தமிழுக்குத் தனி மொழிபெயர்ப்புக் கோப்பு வைக்க முடிந்தால் அங்கே 'இறாத்தல்விசை' என்றே போடலாம். ஒரே கோப்புதான் என்றால் 'பவுண்டுவிசை'. இரண்டும் 4.448 நியூட்டன்தான். வெறும் 'பவுண்டு' போதும் என்ற யோசனையை மட்டும் ஏற்க மாட்டேன். நிறைப் பக்கத்தில் அதே பெயர் 0.45359237 கிலோகிராமாக உட்கார்ந்திருக்கிறது, பணப் பக்கத்தில் பிரிட்டன் நாணயமாக வேறு வருகிறது.

பவுண்டல் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். ஒரு பவுண்டு நிறைக்கு நொடிக்கு நொடி ஓரடி வேகம் கூட்டும் விசை அது, ஏறத்தாழ 32.174 பவுண்டல் சேர்ந்தால் ஒரு பவுண்டுவிசை. தட்டச்சு செய்பவர்கள் கவனிக்கவும்: ஒரு கால் கூடினால் 'பவுண்டால்' ஆகிவிடும், பிழைதிருத்தி அதைப் பிடிக்காது. கிலோபாண்ட் என்பது கிலோகிராம்விசைக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர். அதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம்.

எனக்கு விடை கிடைக்காதது டன்னில்தான். ஆயிரம் கிலோகிராம் டன், அமெரிக்கர்களின் 2000 பவுண்டு டன், பிரிட்டனின் 2240 பவுண்டு டன் என்று மூன்று. விசையாக மாற்றினால் முறையே 9806.65, 8896.44, 9964.02 நியூட்டன். 'மெட்ரிக் டன்விசை' சரி. மற்ற இரண்டுக்கும் 'குறு டன்விசை', 'நெடு டன்விசை' என்று எழுதிப் பார்த்தேன், செய்யுள் வாடை அடிக்கிறது. 'அமெரிக்க டன்விசை', 'பிரிட்டன் டன்விசை' என்று நாட்டின் பெயரிலேயே வைத்துவிடலாமா? பொறியியல் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.